தரங்கம்பாடி முதல் சென்னை வரை: 28 ஆண்டுகளின் பாடம்



நம் சபை தன் எதிர்காலத்தைக் குறித்துச் சில முடிவுகளை எடுக்கவேண்டிய வேளை வந்திருக்கிறது. ஆராதனை நேரங்களை மாற்றுவதா? வெளியூர்களில் படித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கென ஆங்கில ஆராதனை தொடங்குவதா? முதியோர் மட்டுமே எஞ்சியிருக்கும் கிளைச் சபையைத் தாய்ச் சபையோடு சேர்ப்பதா? இவற்றைக் குறித்து நம்மிடையே ஒருமனம் இல்லை என்பதை யாவரும் அறிவோம். ஆகவே இவ்வாரம், நம் முன்னோர் இதைவிடக் கடினமான ஒரு மாற்றத்தை எவ்வாறு கடந்தார்கள் என்பதைத் தியானிப்போம்.

1919ஆம் ஆண்டு மே மாதம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். சுவிசேஷ ஊழியத்தைக் குறித்து ஆலோசிக்க வந்த அவர்களுக்கு முன் ஒரு கேள்வி எழுந்து நின்றது: பிளவுபட்ட சபைகள் ஒரே கிறிஸ்துவை எப்படி அறிவிக்கும்?

அக்காலத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். மிஷனெரி சங்கங்கள் தென்னாட்டைத் தங்களுக்குள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு ஊழியம் செய்தன. பாளையங்கோட்டையில் பிறந்தவர் ஆங்கிலிக்கர் ஆனார். நாகர்கோவிலில் பிறந்தவர் இலண்டன் மிஷன் சபையார் ஆனார். மதுரையில் பிறந்தவர் அமெரிக்க மிஷன் சபையார் ஆனார். பெரும்பாலும் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை நிர்ணயித்தது அவருடைய வேத ஆராய்ச்சி அன்று, அவர் பிறந்த ஊரே. இங்கிலாந்திலும் ஸ்காத்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பழைய வழக்குகளை, அவற்றில் பங்கில்லாத நம் மக்கள் சுதந்தரமாகப் பெற்றிருந்தார்கள்.

தரங்கம்பாடிக் கூட்டத்துக்கு உந்துசக்தியாய் இருந்தவர்களுள் முதன்மையானவர் வே. ச. அசரியா. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். தெலுங்கு கிராமங்களில் ஏழை மக்களிடையே ஊழியம் செய்த அவருக்கு, ஐக்கியம் அறிஞர் விவாதிக்கும் பொருளாகத் தோன்றவில்லை. அது சபையின் சாட்சிக்கே உயிர்நாடியாகத் தோன்றியது.

எண்ணம் நல்லதுதான். வழியோ நெடியது. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினர் 1908இலேயே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்தார்கள். அவர்களும் ஆங்கிலிக்கரும் பேசத் தொடங்கினார்கள். 1925இல் மெதடிஸ்டுகளும் பேச்சில் சேர்ந்தார்கள். பேராயர் இல்லாத சபை முழுமையான சபையா என்று ஒரு சாரார் கேட்டார்கள். பேராயரை ஏற்றால் எங்கள் சபைகளின் சுயாதீனம் என்ன ஆகும் என்று மறுசாரார் அஞ்சினார்கள். எங்கள் போதகர்கள் இதுவரை பரிமாறிய திருவிருந்து செல்லாததா என்ற கேள்வி பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. இவை அற்ப விவாதங்கள் அல்ல. ஒவ்வொரு தரப்பும் தன் பெற்றோர் கையளித்த விசுவாசத்தைக் காக்கவே போராடியது.

முட்டுக்கட்டை எவ்வாறு விலகியது? மூன்று காரியங்களைச் சொல்லலாம்.

முதலாவது, விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை என்பதில் தெளிவு கண்டார்கள். பரிசுத்த வேதாகமம், அப்போஸ்தல, நிசேய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்று வழிவந்த பேராயர் ஊழியம் ஆகிய நான்கின்மேல் ஐக்கியம் நின்றது. பட்டியல் சிறியது. அது சிறியதாய் இருந்ததாலேயே அதன்மேல் பலர் நிற்க இடம் இருந்தது.

இரண்டாவது, மனச்சாட்சியை மதித்தார்கள். எந்தச் சபையின்மீதும் அதற்குப் பழக்கமில்லாத அல்லது அது ஏற்க இயலாத ஆராதனை முறையோ ஊழியமோ திணிக்கப்படமாட்டாது என்று உறுதி கொடுத்தார்கள். பலம் குன்றிய தரப்பின் அச்சத்தை ஏளனம் செய்யாமல், அதற்கு ஓர் அரணைக் கட்டினார்கள்.

மூன்றாவது, காலம் கொடுத்தார்கள். முன்பு பேராயரிடம் குருப்பட்டம் பெறாத போதகர்களை மறுபடியும் அபிஷேகம் செய்யாமலே ஏற்றுக்கொண்டார்கள். 30 ஆண்டுகள் ஒன்றாய் வளர்ந்தபின் அடுத்ததை முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் விடை கண்டபின் இணைவோம் என்று காத்திருந்தால், இன்றுவரை காத்திருந்திருப்பார்கள்.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்ற ஏழாவது வாரத்தில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. மோசே நேபோவிலிருந்து தூரத்தில் கண்ட தேசத்தில் யோசுவா கால்வைத்தான். கர்த்தருடைய வேலையில் விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன்.

இந்த வரலாற்றை நாம் பொன்னாக மட்டும் பார்க்கக் கூடாது. எல்லோரும் இணையவில்லை. லுத்தரன் சபையார் தனியே நின்றார்கள். நந்தியால் பகுதி ஆங்கிலிக்க சபைகளுள் பல, கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றபின்னரே வந்து சேர்ந்தன. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்த நம்மிடையே சாதி வேற்றுமை ஒழிந்துவிடவில்லை. திருமண்டலத் தேர்தல்களும் நீதிமன்ற வழக்குகளும் நம்மை இன்றும் வெட்கப்படுத்துகின்றன. அமைப்பு ஒன்றாவது ஒரு நாளில் நிகழலாம். இருதயங்கள் ஒன்றாவது ஞாயிறுதோறும் புதிதாய் நடக்கவேண்டிய வேலை.

அதற்கு ஓர் அடையாளத்தையும் நம் முன்னோர் விட்டுச்சென்றார்கள். 1950இல் உருவான திருவிருந்து ஆராதனை முறையில், பண்டைய சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து இடம்பெற்றது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அது கடந்து செல்கிறது. பக்கத்தில் இருப்பவர் எந்த மரபிலிருந்து வந்தார் என்று கேட்டுவிட்டு நாம் கையை நீட்டுவதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வாசியுங்கள். எருசலேமில் மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பவுலும் பர்னபாவும் சாட்சி சொன்னார்கள், கூட்டம் அமைதியாய்க் கேட்டது. முடிவில் புறஜாதியாரின்மேல் அவசியமானவற்றுக்கு மிஞ்சிய எந்தப் பாரத்தையும் சுமத்த வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். தரங்கம்பாடியில் தொடங்கி சென்னையில் நிறைவேறியதும் இதே வழியே.

அன்பானவர்களே, நம் ஆலோசனைக் கூட்டத்துக்கு வருமுன் மூன்று கேள்விகளை ஜெபத்தில் சிந்தியுங்கள். நான் விட்டுக்கொடுக்க மறுப்பது சுவிசேஷத்தையா, என் பழக்கத்தையா? எனக்கு எதிராகப் பேசுபவர் காக்க விரும்பும் நன்மை எது? இந்த மாற்றத்தின் கனியை நான் காணாமற்போனாலும், என் பேரப்பிள்ளைகளுக்காக அதை நடுவதற்கு ஆயத்தமாய் இருக்கிறேனா? கிளைச் சபையின் முதியோரே முதலில் பேசட்டும். அதிகம் இழக்கக்கூடியவர்கள் அவர்களே.

ஜெபம்: சபையின் தலைவராகிய ஆண்டவரே, சீஷர் ஒன்றாயிருக்கவேண்டுமென்று பிதாவினிடத்தில் வேண்டிக்கொண்டவரே, எங்களுக்குத் தெளிவையும் பொறுமையையும் தாரும். பலவீனருக்குச் செவிகொடுக்கும் அன்பை எங்களில் வளரச் செய்யும். ஆமென்.