மரை தேய்ந்த துளையும் இரண்டு ஊர்களின் தொழிலும்

அம்பாசடர் காரின் கதவுக்கு உட்புறத்தில் ரெக்ஸின் போர்த்திய அட்டைப் பலகை ஒன்று உண்டு. அதையும் அதன்மேலுள்ள கைத்தாங்கியையும் இரும்புத் தகட்டோடு பிணைத்து நிறுத்துபவை சில சிறு திருகாணிகளே. அந்தத் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ளதாதலால், திருகாணியின் மரைகளில் ஒன்றிரண்டுக்கு மேல் அதில் பற்றுவதற்கு இடமில்லை. கதவை மூடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கைத்தாங்கியைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். கண்ணாடியின் இடுக்கு வழியாக இறங்கும் மழைநீர், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணடைத்துப் போனால் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கிறது. கண்ணாடி ஏற்றும் கருவி பழுதாகும்போதெல்லாம் பலகையைக் கழற்றி மாட்டவேண்டியிருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து நாளடைவில் துளையை அகலச் செய்து, திருகாணி பிடிப்பின்றி நின்ற இடத்திலேயே சுற்றும் நிலையைக் கொண்டுவந்துவிடுகின்றன.

இத்தனை அற்பமான குறைக்கு ஒரு சரித்திரம் உண்டானது, கார் என்பது கிடைத்தற்கரிய பொருளாக இருந்த காலத்தினால்தான். உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்ய முன்வராத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று 1953-ல் சர்க்கார் முடிவு செய்ததையடுத்து, அதுவரை பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. வங்காளத்து உத்தரபாடாவின் அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவின் ஃபியட்டும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுமே சாதாரண மனிதனின் கண்ணுக்குத் தெரிந்த கார்களாயின. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை, கதவுப் பலகை ஆடுகிறது என்பதற்காக எவரும் கைவிடமாட்டார். ஆகவே மதுரையிலிருந்து கொல்லத்துக்குச் செல்லும் சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் போன்ற ஊர்களில், தலைநகரத்து உதிரிபாகத்தை எதிர்பாராமல், அந்தந்தப் பிரதேசத்தின் பழைய தொழில்களிலிருந்தே பரிகாரத்தைத் தேடிக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது.

அந்தப் பரிகாரங்களில் மூத்தது ஆசாரிமாருடையது. இரும்புக் கூடு வழக்கத்துக்கு வருமுன், கார்களிலும் பஸ்களிலும் கதவு என்பது மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்தியதாகவே பெரும்பாலும் இருந்தது. 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனமும் பிற பஸ் முதலாளிகளும் தென்மாவட்டங்களில் மோட்டார்ப் போக்குவரத்தைப் பரப்பிய நாளில், வண்டிக்குப் பாடி கட்டியதும் பழுது பார்த்ததும் தச்சர்களின் உளியும் துறப்பணமுமே. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் பவனி வரும் பெருந்தேரைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், மரத்தோடு மரத்தைப் பொருத்துகளாலும் முளைகளாலும் பிணைக்கிற வித்தைக்குப் பஞ்சமில்லை. துளை அகன்றால் ஆசாரி பெரிய திருகாணியைத் தேடுவதில்லை; தேய்ந்த துளையை ஒழுங்காக வட்டமிட்டு மேலும் பெரிதாக்கி, வைரம் பாய்ந்த மரத்தில் முளை சீவி, வச்சிரம் காய்ச்சிப் பூசி அடித்து இறக்கி, காய்ந்தபின் அதன் நடுவிலே புதுத் துளை இடுவார். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே இறங்கும் திருகாணிக்கு, ரேகையோடு இறங்குவதைக் காட்டிலும் பிடிப்பு அதிகம் என்பதனால், முளையைச் சீவும் திசையைக்கூட அவர் கவனிப்பார்.

இதற்கெல்லாம் அவகாசமில்லாதவர்களுக்கு அண்டை ஊரான சிவகாசி ஒரு சுலப உபாயத்தைத் தந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, மறு வருஷமே தம் ஊரில் அதை ஆரம்பித்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. மருந்து நீக்கிய இரண்டு மூன்று தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, வெளியே நீண்டதை ஒடித்துவிட்டுத் திருகாணியை முடுக்கினால், முளையடித்ததற்கு நிகராகாவிட்டாலும் வண்டி ஊர் போய்ச் சேரும்வரை பலகை அசையாது.

ஆனால் அம்பாசடரின் கதவு முழுவதும் இரும்புத் தகடு. தீக்குச்சியை வெறுந்தகட்டின் துளையில் செருகினால் அது கதவின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். இங்கேதான் ராஜபாளையத்தின் தொழில் உதவிக்கு வந்தது. 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவியதைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகப் பெருக, கதிர்களையும் உருளைகளையும் இடைவிடாது செப்பனிட்டுத் தரக்கூடிய ஃபிட்டர்களும் லேத் பட்டறைகளும் ஊரில் அவசியமாயின. டேப் போட்டு மரை வெட்டுவது அவர்களுக்கு அன்றாடக் காரியம். கதவின் உட்புறத்தில் தடித்த இரும்புத் துண்டொன்றை வைத்துப் பற்றவைத்தோ ரிவெட் அடித்தோ நிறுத்தி, அதிலே மரை வெட்டிவிட்டால், ஒன்றிரண்டு மரைகளால் தொங்கிக்கொண்டிருந்த திருகாணிக்கு ஐந்தாறு மரைகளின் பலம் கிடைத்துவிடுகிறது. இதைச் செய்யாமல் நீளமான திருகாணியைப் போட்டுச் சமாளித்தவர்களின் வண்டிகளில், அதன் முனை கண்ணாடியைக் கீறியதும், கண்ணாடி இறங்கும் வழியை மறித்ததும் உண்டு.

திருகாணியை விட்டுத் துளையைச் சீராக்குவது என்ற இந்த முடிவுக்கே உலகின் வேறு பாகங்களிலும் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். 1911-ஐ ஒட்டி லண்டனில் ஜான் ஜோஸப் ராலிங்ஸ் என்ற கட்டடக் காண்டிராக்டர், பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்துவதற்காக, சணலைப் பசையிட்டு உருட்டிச் சுவர்த் துளைக்குள் செருகும் அடைப்பானைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் டின்னர்மன் என்ற அடுப்புத் தொழிலதிபர், மெல்லிய தகட்டைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும் வில் நட்டை ஆக்கினார். மோட்டார் தொழில் அதைப் பின்னர் சுவீகரித்துக்கொண்டது. தேய்ந்தது துளையேயன்றித் திருகாணி அல்ல. ஆதலால் பற்றுகிற பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே ஆசாரியின் முளைக்கும் ஃபிட்டரின் பின்தகட்டுக்கும் பொதுவான சித்தாந்தம்.

பிற்காலத்தில் எம்-சீல் முதலிய பிசின் மாவுகள் கடைக்குக் கடை கிடைக்கலாயின. அவற்றின் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிசைந்து துளையில் அப்பிவிட்டால் காரியம் நிமிஷத்தில் முடிகிறது. சௌகரியம் பெரிதுதான், எனினும் திருகாணியோடு சேர்த்து அப்பிவிட்டால், அடுத்த முறை பலகையைக் கழற்ற வருகிறவர் அதைப் பெயர்த்தெடுக்கையில் தகட்டையும் சேதப்படுத்த நேரிடுகிறது. நம் கோயில்களில் ஜீரணோத்தாரணம் செய்யும் ஸ்தபதி, சிதைந்த கல்லை மாற்றும்போது பின்னொரு நாள் அதையும் மாற்றவேண்டி வரும் என்பதை மறப்பதில்லை. கழற்றுவதற்கு வழிவைத்துப் பூட்டுவதே செப்பனிடுதல், மற்றதெல்லாம் மறைத்தல்.

2014-ல் உத்தரபாடாவில் அம்பாசடரின் உற்பத்தி நின்றது. இன்றைய கார்களில் கதவுப் பலகையைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் கிளிப்புகளே தாங்குகின்றன. முறிந்தால் புதிது வாங்கவேண்டியதுதான். எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளைப் பேணுகிறவர்கள், பெரிய திருகாணி கொடுங்கள் என்று கடையில் கேட்பதை விட்டு, பின்தகடு வைத்து மரை போட்டுத் தாருங்கள் என்று லேத் பட்டறையில் கேட்பார்களானால், செலவு சற்று கூடினாலும், அந்தக் கதவு இன்னொரு தலைமுறையின் இழுப்பைத் தாங்கும். அந்த வேலை தெரிந்த கைகளுக்கும் வேலை இருக்கும்.