மெக்சிகோவின் மெல்லிய காற்று

1968 அக்டோபர் 13. மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கில் 10,000 மீட்டர் ஓட்டம் முடிகிறது. ஆறாவதாக எல்லைக்கோட்டைக் கடந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் நினைவிழந்து தரையில் சாய்கிறார். முகத்தில் பிராணவாயுக் கவசம் பொருத்தப்படுகிறது. அருகில் மண்டியிட்ட அணி மருத்துவர் கண்ணீர் விடுகிறார். அதே தொலைவை 1965இல் 27 நிமிடம் 39.4 நொடியில் ஓடி உலக சாதனை நிகழ்த்தியவர் கிளார்க். அன்று வென்ற கென்யரான நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்ட நேரமோ 29 நிமிடம் 27.4 நொடி. அப்படியானால் கிளார்க்கை வீழ்த்தியது சக ஓட்டக்காரர்கள் மட்டும்தானா?

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை. விகிதம் எங்கும் 21 விழுக்காடுதான், குறைவது அழுத்தமே. மலை நோய்க்குக் காரணம் பிராணவாயுவின் அழுத்தக் குறைவே என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

உடல் இதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது? முதலில் மூச்சு ஆழமாகிறது, இதயம் விரைகிறது. சில நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி சுருங்கி, சிவப்பணுக்கள் செறிவடைகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல, சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிப் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. மலையேறியவரின் குருதியில் சிவப்பணுக்கள் பெருகுவதை, பெருவின் சுரங்க ஊரான மொரோகோச்சாவில் 1890இல் எண்ணிக் காட்டியவர் வியோ என்ற பிரெஞ்சுக்காரர். ஆயினும் பழகிய உடலும் தன் கடல்மட்ட உச்சத் திறனை அவ்வுயரத்தில் முழுமையாக மீட்பதில்லை.

விந்தை என்னவெனில், கிளார்க்கைச் சாய்த்த அதே காற்று வேறு சிலரைத் தூக்கி நிறுத்தியது. ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 நொடியில் ஓடினார். நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 மீட்டர் பாய்ந்தார். முந்தைய சாதனை 8.35. பீமனின் சாதனை 1991 வரை நிலைத்தது. சில நொடிகளில் முடியும் முயற்சிக்கு உடல் தன் சேமிப்பையே பெரிதும் செலவிடுகிறது. உடனடிப் பிராணவாயுவை அதிகம் நாடுவதில்லை. அடர்த்தி குறைந்த காற்றோ எதிர்ப்பைத் தளர்த்துகிறது. நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இந்த ஆதாயம் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய கடன் ஏறிக்கொண்டே போகிறது.

1,500 மீட்டர் முதல் மாரத்தான் வரையிலான ஐந்து ஓட்டங்களில் நான்கைக் கென்யரும் எத்தியோப்பியரும் வென்றனர். மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்தோருக்கு அது வாய்ப்பாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 5,000 மீட்டரில் வென்ற கம்மூதி துனிசியர். எனவே பிறப்பிடம் ஒன்றே விதி என்றும் சொல்லிவிட முடியாது.

மெக்சிகோ எழுப்பிய கேள்வி பிறகு திசை மாறியது: மேலே பழகிய உடல் கீழே வந்தால் வேகமாக ஓடுமா? மலையில் கடும் பயிற்சி இயலாது, வேகம் குறைந்துவிடுகிறது. அதனால் பெற்ற சிவப்பணுக்களின் பயன் தேய்ந்துபோகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் லெவைனும் ஸ்ட்ரே-கண்டர்சனும் 1997இல் இதற்கொரு விடையை வெளியிட்டனர். 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி பெற்றவர்கள் கடல்மட்டத்தில் 5,000 மீட்டரை முன்னிலும் விரைவாக ஓடினர். உயரத்தில் உறங்கு, தாழ்வில் ஓடு என்பது அன்றுமுதல் பயிற்சியாளர்களின் பாடமாயிற்று.

இந்த அறிவு கிளார்க்கிற்குக் காலங்கடந்து வந்தது. பதினேழு உலக சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் வெல்லாமலே 2015இல் அவர் மறைந்தார். எனினும் அவரிடம் ஒரு தங்கப் பதக்கம் இருந்தது. 1966இல் பிராகிலிருந்து விடைபெற்ற அவர் கையில் எமில் ஸாட்டோபெக் ஒரு சிறு பொதியைத் திணித்தார். விமானம் ஏறியபின் பிரித்துப் பார்த்தால், உள்ளே 1952இல் ஸாட்டோபெக் வென்ற 10,000 மீட்டர் பதக்கம்! மெக்சிகோவின் காற்று பின்னர் மறுக்கவிருந்ததை, இன்னொரு ஓட்டக்காரர் முன்கூட்டியே தந்துவிட்டார் என்றே நாம் கொள்வோம்.