ஒலிபெருக்கிப் பெட்டி கவிழ்தல் தடுப்பு

ஒலிபெருக்கிப் பெட்டி கவிழ்தல் தடுப்பு என்பது, வீடுகளில் அலமாரித் தட்டு அல்லது தாங்கியின் மீது வைக்கப்படும் கனமான ஒலிபெருக்கிகள் சாய்ந்து விழாதவாறு நிலைநிறுத்தும் முறைகளைக் குறிக்கும். நிற்கவும் ஏறவும் கற்றுக்கொள்ளும் 1 முதல் 5 அகவை வரையுள்ள குழந்தைகளே இவ்வகை விபத்துக்கு மிகுதியும் உள்ளாகின்றனர். குழந்தை பொருளைப் பிடித்துத் தன்னை நோக்கி இழுப்பதால், விழும் பெட்டி தலை அல்லது மார்பின் மீதே விழுகிறது.

இயற்பியல் அடிப்படை

ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து வரையப்படும் செங்குத்துக்கோடு அதன் அடிப்பரப்பினுள் விழும்வரை அப்பொருள் நிலையாக நிற்கும். கோடு அடிப்பரப்பின் விளிம்பைத் தாண்டினால் கவிழும். ஒலிபெருக்கியில் காந்தம் முன்பலகையோடு பொருத்தப்பட்டிருப்பதால் ஈர்ப்பு மையம் பெரும்பாலும் நடுவைவிடச் சற்று முன்னால் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 18 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும் 7 கி.கி. நிறையும் உள்ள பெட்டியைக் கொள்வோம். அதன் உச்சியில் பக்கவாட்டாக இழுத்தால், கவிழத் தேவையான விசை 7 × 9 ÷ 32, அதாவது ஏறத்தாழ 2 கி.கி. எடைக்குச் சமம். ஓர் அகவைக் குழந்தையின் உடல் எடை இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இதே பெட்டியை 60 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகல அடிப்பலகையும் 5 கி.கி. நிறையும் கொண்ட தாங்கியின் மீது இறுகப் பொருத்தினால், மொத்த நிறை 12 கி.கி. ஆகிறது. ஆனால் தேவைப்படும் விசை 12 × 12.5 ÷ 92, அதாவது 1.6 கி.கி. எடையாகக் குறைந்துவிடுகிறது. எடை கூடினால் உறுதி கூடும் என்ற பொதுவான எண்ணம் இங்கு பொய்க்கிறது. உயரத்தில் இழுக்கும் கைக்கு நெம்புகோலின் நீளமும் கூடுவதே காரணம்.

இரப்பர் பாதங்கள் பெட்டி வழுக்குவதைத் தடுக்கும், கவிழ்வதைத் தடுக்கமாட்டா. உராய்வு குறைவாக இருந்தால் நகர்ந்துவிடும் பெட்டி, இரப்பர் பாதத்தின் மீது நிற்கும்போது நகராமல் சாயத் தொடங்கும்.

தனுஷ்கோடியும் பாம்பனும்

இதே விதி பேரளவில் செயற்படுவதை இராமேசுவரம் கடற்கரையில் காணலாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் தொடர்வண்டி புயலலையால் கவிழ்ந்து, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்பாதை 1 மீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதை. உயரமான பெட்டிகளுக்கு அது குறுகிய அடிப்பரப்பே. அவ்வண்டியைக் கவிழ்த்ததில் கடல் அலைக்கே பெரும்பங்கு என்பதால் காற்றை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருபடியாகப் பெருகும். எனவே 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தப்பட்டு, வேகம் மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அப்பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாலத்தில் வண்டியை நிறுத்திவைக்க முடிகிறது. வீட்டில் குழந்தையின் கையை அவ்வாறு நிறுத்த இயலாது என்பதால் பொருளையே கட்டவேண்டியுள்ளது.

நிலைநிறுத்தும் முறைகள்

முதலில் அலமாரியைச் சுவருடன் பிணைக்க வேண்டும். கட்டப்படாத அலமாரியில் ஒலிபெருக்கியை மட்டும் திருகி இறுக்கினால், இழுக்கும்போது அலமாரியும் சேர்ந்தே விழும். செங்கல் சுவரில் மேற்பூச்சு பெரும்பாலும் 12 முதல் 15 மி.மீ. தடிப்புடையது. துளை அதைக் கடந்து செங்கல்லுக்குள் செல்லவேண்டும். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக் இழுத்தவுடன் கழன்றுவிடும்.

பின்பு பெட்டியின் பின்புறத்தில் இயன்றவரை உயரமான இடத்திலிருந்து வார்ப்பட்டை அல்லது மெல்லிய எஃகுக் கயிற்றால் சுவருடன் இணைக்கலாம். பல பெட்டிகளின் பின்புறத்தில் இதற்கெனத் திருகுத்துளை உண்டு. சாவித்துளை வடிவ மாட்டி மட்டும் போதாது. கீழிருந்து தூக்கினால் அது கழன்றுவிடும். பின்புறம் காற்றுத்துளை உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து இடைவெளி தேவை. வார்ப்பட்டை அதற்கு இடங்கொடுக்கும். ஒட்டுப்பசை சிறு பெட்டிகளுக்குத் துணையாகலாம், ஆனால் வெப்பத்தில் இளகும். தொங்கும் மின்கம்பியே குழந்தை முதலில் பிடிக்கும் கயிறு என்பதால் அதைச் சுவரோடு ஒட்டிச் செலுத்துவது நல்லது.

தாங்கியின் உட்குழாயில் மணல் நிரப்புவது ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 5 கி.கி. மணல் சேர்த்தால் தேவைப்படும் விசை ஏறத்தாழ 2.3 கி.கி. எடையாக உயரும். தீவுப்பகுதியில் கைக்கெட்டும் கடல்மணலை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்துக் குழாயை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். கழுவி உலர்த்திய ஆற்றுமணலே ஏற்றது. உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி வெளியில் தலை மட்டும் தெரிய உள்ளே அரிபடக்கூடும். 316 வகைத் துருவேறா எஃகு, 304 வகையைவிட இதைத் தாங்கும். எவ்வகையாயினும் அவ்வப்போது கையால் இழுத்துப் பார்ப்பது தேவை. பனையோலைத் தட்டிச் சுவர் திருகாணியைத் தாங்காது; அத்தகைய குடிசைகளில் பெட்டியைத் தரையில் படுக்கைவாட்டில் வைப்பதே பாதுகாப்பானது.

சட்டமும் தரநிர்ணயமும்

2016 சூனில் ஐக்கிய அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம், குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, கவிழக்கூடிய 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப்பெற்றது. 2022 டிசம்பரில் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே 2023 செப்டம்பர் முதல் கட்டாயமான தரநிர்ணயம், 60 பவுண்டு (ஏறத்தாழ 27 கி.கி.) வரை எடையுள்ள குழந்தை ஏறினாலும் துணிப்பெட்டி கவிழலாகாது என வரையறுக்கிறது. ஒலிபெருக்கிகள் அதில் அடங்கா.