பெட்டிக்குள் காற்றை அடைத்துக் காசு கட்டுகிறோம்

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தை. மிளகாய்த்தூள், வேப்பம்பூ வடகம், பினாட்டு எல்லாம் பக்கற்றுகளில் அடைக்கப்பட்டு வரிசையாக இருக்கின்றன. போரில் கணவரை இழந்தபின் இந்தத் தொழிலை வைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்த அம்மா ஒருவரின் வீடு அது. அவருடைய கதையை எழுதத்தான் போயிருந்தேன். அவரோ கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்தார்.

"பிள்ளை, தூளில வாற லாபத்தைப் பெட்டியும் கூரியரும் திண்டுபோடுது. எங்கை பிழை விடுறன் எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

எனக்கு விடை தெரியவில்லை. ஊடகக் கற்கையில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை. அதன்பின் பெட்டி செய்பவர்களிடமும் பார்சல் ஏற்றுபவர்களிடமும் கேட்டு, நானே அளந்து பார்த்து அறிந்துகொண்டதை இங்கே தொகுத்திருக்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் வீட்டிலிருந்து பொருள் செய்து அனுப்பும் பலருக்கும் இது உதவும்.

விலை எங்கே தீர்மானமாகிறது?

காட்போட் பெட்டியின் செலவில் பெரும்பங்கு தாளுக்குரியது. ஒரு காலத்தில் வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்துகூடக் காகிதம் செய்தார்கள். இன்று டொலர் ஏறினால் தாளும் ஏறும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். தாளின் விலை நம் கையில் இல்லை. எவ்வளவு தாளை வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

முதலில் அளவு

அந்த அம்மா பயன்படுத்தியது 40 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரமான பெட்டி. மேலே ஒரு சாண் வெறுமை. அதைப் பழைய பேப்பரால் நிரப்பியிருந்தார். "ஏன் இவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். "இடம்பெயர்ந்த காலத்தில ஒரு பெட்டிக்குள்ளதான் வீடே இருந்தது. பெரிசாய் இருந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி" என்றார்.

சாதாரண மடிப்புப் பெட்டிக்கு வேண்டிய அட்டையைக் கணக்கிடுவது எளிது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். வந்த விடையை, அகலமும் உயரமும் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். ஒட்டு விளிம்பை விட்டுவிட்டால் அவருடைய பெட்டிக்கு 8,400 சதுர சென்ரிமீற்றர் வருகிறது. உயரத்தை 20 ஆக்கினால் 7,000. ஆறில் ஒரு பங்கு அட்டை மிச்சம்.

வெளிநாட்டுப் பார்சலில் மிச்சம் இன்னும் அதிகம். கூரியர் நிறுவனங்கள் பல, நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000 ஆல் வகுத்துக் 'கன அளவு நிறை' எடுக்கும். தராசு நிறை, கன அளவு நிறை ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்கே காசு. தராசில் 4.6 கிலோ காட்டிய அவருடைய பார்சலுக்குப் பழைய பெட்டியில் 7.2 கிலோவுக்குக் கட்டியிருக்கிறார். உயரம் 20 ஆனால் 4.8 கிலோதான். ரொறன்ரோவுக்கு இரண்டரைக் கிலோ காற்றை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வாய் எந்தப் பக்கம்?

40, 30, 10 அளவுள்ள தட்டையான பெட்டியை அகன்ற பக்கத்தில் திறக்கும்படி செய்தால் 5,600 சதுர சென்ரிமீற்றர் அட்டை வேண்டும். அதே பெட்டியை 40க்கு 10 என்ற ஒடுங்கிய பக்கத்தில் திறக்கும்படி செய்தால் 4,000 போதும். மூடி மடல்கள் சிறிதாவதே காரணம். ஆனால் அதை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். நெளிவுகள் மேலும் கீழுமாக நிற்கும்போதுதான் அட்டை பாரம் தாங்கும்.

எத்தனை படை?

இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு நெளிதாள் இருப்பது மூன்று படை. இரண்டு நெளிதாள்கள் இருந்தால் ஐந்து படை. நெளிவிலும் வகையுண்டு: 'சி' வகை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பு, 'பி' 3, 'ஈ' 1.5. நாலைந்து கிலோ உலர் உணவுக்கு நல்ல மூன்று படை பொதுவாகப் போதும். ரின்னும் போத்தலும் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாமே தாங்கும். வடகப் பக்கற் தாங்காது. அதற்குப் பெட்டிதான் தாங்க வேண்டும். உயரமாக அடுக்குவதானால் அங்கே மட்டும் தாளின் தரத்தைக் கூட்டலாம்.

மழையும் அடுக்கும்

பெட்டியின் பலம் பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு மேல் மூலை வரும்படி அடுக்குங்கள். கல்லுக் கட்டுவதுபோல மாற்றி அடுக்கினால் பலம் வெகுவாகக் குறையும். மாரியில் காற்றின் ஈரப்பதன் 90 சதவீதத்தைத் தொடும்போது அட்டையின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகலாம். சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு வையுங்கள். நசுங்கிய ஒரு பெட்டி, சேமித்த பத்துப் பெட்டிக் காசையும் கொண்டுபோய்விடும்.

சேர்ந்து வாங்குதல்

பெட்டிக் கொம்பனிகள் சிறிய ஓடரை விரும்புவதில்லை. ஒவ்வோர் அளவுக்கும் இயந்திரத்தை மாற்றி அமைக்க வேண்டும் என்பதால், குறைந்த எண்ணிக்கைக்கு விலை கூடும். ஏழெட்டு அளவுகளை இரண்டு மூன்றாகக் குறையுங்கள். பெயர் அச்சடிக்காத வெறும் பெட்டியை வாங்கி லேபலை ஒட்டினால், மிளகாய்த்தூள் செய்பவரும் பனையோலைப் பொருள் செய்பவரும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ ஒரே ஓடராகப் போடலாம். பெட்டிகள் மடித்தே வருவதால், கொழும்புக்கு மரக்கறி கொண்டுபோய்த் திரும்பும் லொறியில் கொஞ்ச இடம் போதும். ஆனால் ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம். ஈரமும் கறையானும் விடாது.

விலை கேட்கும்போது உள்ளளவு (நீளம், அகலம், உயரம் என்ற ஒழுங்கில்), படை, தாளின் கிராம் நிறை, எண்ணிக்கை நான்கையும் எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் இரண்டு இடத்து விலைகளை ஒப்பிட முடியும்.

வாழ்வாதார உதவி என்று அரைக்கும் இயந்திரம் கொடுத்தார்கள், லேபல் அடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பொருள் எந்தப் பெட்டியில் ஊரைவிட்டுப் போகிறது என்று அந்த அம்மாவிடம் எவரும் கேட்கவில்லை. நான் திரும்பப் போனபோது அவர் தையல் நாடாவோடு காத்திருந்தார். பழைய பெட்டிகளின் உயரத்தைப் பேனாக்கத்தியால் வெட்டிக் குறைத்து, இரண்டு பார்சல் அனுப்பிப் பார்த்திருக்கிறார். கூரியர் பில்லை எடுத்துக் கொப்பிக்குள் வைத்தபடி, "அடுத்த ஓடரைப் பக்கத்து வீட்டோட சேர்ந்து போடப்போறம்" என்றார்.