பழைய ஜிம்னியை உயர்த்த ஆசையா? முதலில் சிஓஇ-யில் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள்

ஜூ சியாட் ரோட்டிலோ, சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் பக்கமோ நடந்து போனால், பளபளக்கும் புதுக் கார்களுக்கு நடுவே ஒரு பழைய சுஸுக்கி ஜிம்னி கண்ணில் படலாம். கொஞ்சம் உயரமாக நிற்கும். டயர் தடியாக இருக்கும். சக்கரத்தின் மேல்வளைவுக்குள் நேற்றைய சேறு காய்ந்துபோய் இருக்கும். காத்தோங்கில் சேறு ஏது? வார இறுதியில் ஜொகூர் போய் வந்த வண்டி அது.

அந்த உயரத்துக்குப் பெயர்தான் சஸ்பென்ஷன் லிஃப்ட். உங்களிடமும் ஒரு பழைய நான்கு சக்கர இயக்க வாகனம் இருந்து, அதிகச் செலவில்லாமல் அதைத் தூக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். உதாரணமாக, 1998 முதல் 2018 வரை தயாரான மூன்றாம் தலைமுறை ஜிம்னியை, அதாவது ஜேபி43 ரகத்தை எடுத்துக்கொள்வோம். பஜேரோ, லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறோம்.

லிஃப்ட் உண்மையில் எதைத் தூக்குகிறது?

பலரும் குழம்பும் இடம் இதுதான். ஜிம்னியின் முன்னும் பின்னும் முழு அச்சு இருக்கிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. அதன் வழியில் தொங்கும் உருண்டைதான் டிஃபரென்ஷியல். கல்லில் முதலில் இடிக்கும் பாகம் அதுவே.

நீங்கள் 50 மில்லிமீட்டர் லிஃப்ட் போட்டால் கார் உடல்தான் 50 மில்லிமீட்டர் மேலே போகும். டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் கூடும் அளவில் பாதிதான் கிடைக்கும். ஜிம்னிக்கு நிறுவனம் கொடுத்த டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். பலர் மாற்றிப் போடும் 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 704. ஆக டிஃபரென்ஷியலுக்குக் கிடைப்பது வெறும் 18 மில்லிமீட்டர்.

அப்போ லிஃப்ட் எதற்கு? மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது, இறங்கும்போது பின்பக்கம் உரசாது, மேட்டின் உச்சியில் வயிறு மாட்டாது. அந்தப் பெரிய டயர் சுழலவும் இடம் கிடைக்கும். ஜொகூரின் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்கும், பெக்கோக் வழியாக எண்டாவ் ரொம்பின் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குப் போகும் பாதைக்கும் 40 முதல் 50 மில்லிமீட்டர் போதும். 1997 முதல் மலேசியாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு 100 மில்லிமீட்டர் கேட்காதீர்கள். அது பருவமழையில், வின்ச் கட்டி இழுத்துப் போகும் போட்டி. உங்கள் தேவை வேறு.

சேற்றில் நல்ல டயர் செய்யும் வேலையை எந்த ஸ்பிரிங்கும் செய்யாது. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் டயரை முதலில் மாற்றுங்கள்.

நம்ம ஊர்க் கணக்கு

ஆஸ்திரேலியாவில் 20 வயது ஜிம்னி ஓடும்வரை ஓடும். சிங்கப்பூரில் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. 1990-இல் நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 10 ஆண்டுக்குத்தான். அதன்பின் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. 2023 அக்டோபரில் ஏ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியைத் தொட்டதை நினைத்தால், பழைய வண்டியைத் தக்கவைப்பவர்கள் எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று புரியும்.

செலவு அதோடு நிற்பதில்லை. 10 வயது தாண்டிய காருக்குச் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் தொடங்கி, 14 வயதுக்குமேல் 50 விழுக்காடுவரை போகும். சோதனை ஆண்டுக்கு ஒரு முறை. புதுப்பித்த வண்டிக்குப் பதிவு ரத்து செய்யும்போது கிடைக்கும் பார்ஃப் கழிவும் போய்விடும்.

ஆகவே "இந்த கிட் எவ்வளவு?" என்று தொடங்காதீர்கள். "ஆண்டுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். ஓர் உதாரணத்துக்கு, பொருளும் கூலியும் சேர்த்து 3,000 வெள்ளி என்று வையுங்கள். சிஓஇ 5 ஆண்டு மிச்சமிருந்தால் ஆண்டுக்கு 600 வெள்ளி. 18 மாதம்தான் மிச்சம் என்றால் அதே லிஃப்ட் ஆண்டுக்கு 2,000 வெள்ளி. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் நல்ல டயரோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் கண்ணுக்கு நியாயமாகப் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்று வகையாகப் பார்க்கிறது: அனுமதி தேவைப்படாதவை, முன் அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. பட்டியல் ஒன்மோட்டோரிங் தளத்தில் இருக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் கிட் எந்த வகையில் வருகிறது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது பதில் ஆகாது. சாலையில் மாட்டினால் வாகன உரிமையாளர் நீங்கள்தான்.

காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது வந்து நிற்கும்.

மலிவான வழிகளும் அவற்றின் உண்மை விலையும்

ஆகக் குறைந்த செலவு ஸ்பேசர். பழைய ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு கனமான வளையத்தைச் செருகுவார்கள். அரை நாள் வேலை. ஆனால் ஸ்பிரிங்கும் பழசு, அப்ஸார்பரும் பழசு. அப்ஸார்பரின் நீளம் கூடவில்லை என்பதால், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க வேண்டிய நேரத்தில் அது முழுதும் நீண்டு "டொக்" என்று முட்டும். 20 மில்லிமீட்டர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 50-க்கு ஸ்பேசர் வேண்டாம்.

90-களின் பஜேரோ போன்றவற்றில் முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கும். ஒரு போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் உயரும், பைசா செலவில்லை. அதிலும் இதே சிக்கல்: மேலே கிடைத்த உயரம் கீழே இறங்கும் தூரத்திலிருந்து எடுத்தது. டிரைவ் ஷாஃப்ட் வளைந்த கோணத்தில் ஓடி, அதன் ரப்பர் உறையும் மூட்டும் சீக்கிரம் தேயும். பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு நீளமான ஷேக்கிள் விற்கிறார்கள். முன் அச்சில் அதைப் போட்டால் ஸ்டியரிங்கின் குணமே மாறிவிடும்.

சேஸிக்கும் உடலுக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்ட்? ஆணையத்தின் பதில் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஆக, ஒழுங்கான வழி ஒன்றுதான்: நான்கு புது ஸ்பிரிங், அவற்றுக்கேற்ற நீளத்தில் நான்கு புது அப்ஸார்பர். ஓல்ட் மேன் எமு, டாபின்சன்ஸ், டஃப் டாக், அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியப் பெயர்கள் அடிக்கடி காதில் விழும். பிராண்டைவிட முக்கியம், ஸ்பிரிங் எந்த எடைக்குச் செய்தது என்பது. இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டிக்கு ஒன்று, வெறும் வண்டிக்கு வேறொன்று. கனத்துக்குச் செய்த ஸ்பிரிங்கை வெறும் ஜிம்னியில் போட்டால், சொன்னதைவிட உயரமாக நிற்கும், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தாரும் உங்கள் முதுகில் தெரியும்.

தனி எண்ணெய்க்குடுவை தொங்கும் விலை உயர்ந்த அப்ஸார்பர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைபாதையில் சூடேறும் பாலைவனப் பயணத்துக்கு. மாதத்துக்கு ஒருமுறை குளுவாங் பக்கம் போகிறவருக்குச் சாதாரண இரட்டைக்குழாய் அப்ஸார்பர் தாராளம். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு டேப் எடுத்து, சக்கர நடுவிலிருந்து மேல்வளைவின் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். பழைய ஸ்பிரிங் தொய்ந்திருக்கும். ஓட்டுநர் பக்கம் கூடுதலாகத் தாழ்ந்திருப்பதும் சகஜம். பெட்டியில் போட்டிருக்கும் 40 மில்லிமீட்டர் என்பது புதிய நிறுவன ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுச் சொன்னது. தொய்ந்த வண்டியில் அதைவிடக் கூடுதலாக உயரும். சிலருக்குப் புதிய நிறுவன ஸ்பிரிங் மட்டுமே கேட்ட உயரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அடுத்து ரப்பர் புஷ்கள். 15, 20 வயது வண்டியில் அவை வெடித்துக் காய்ந்திருக்கும். இங்கேதான் உயிர் விஷயம். முழு அச்சு வாகனங்களில் வேகமாகப் போகும்போது ஒரு சின்னக் குழியில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் வெறிபிடித்தாற்போல் இடமும் வலமும் உதறும். "டெத் வாபிள்" என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வேகம் குறைந்தால்தான் நிற்கும். தேய்ந்த கிங்பின் பேரிங், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் தண்டின் புஷ், டை ராட் முனை, சரியாக பேலன்ஸ் செய்யாத சக்கரம் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். லிஃப்ட் இந்த நோயை உண்டாக்குவதைவிட, இருப்பதை வெளியே கொண்டுவரும்.

அதனால் பட்ஜெட்டில் முதல் வரி புஷ்ஷும் பேரிங்கும். காக்கி புக்கிட், சின் மிங் பட்டறை எதுவானாலும், முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆடினால் லிஃப்ட் பேச்சு பிறகு.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

ஜிம்னியை உயர்த்தும்போது முன் அச்சு லேசாகச் சுழலும். அதனால் கேஸ்டர் கோணம் குறைந்து, வளைவுக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும் குணம் மங்கும். விரைவுச்சாலையில் வண்டி அலையும். துளை நடுவிலிருந்து விலகிய திருத்தப் புஷ் போட்டால் சரியாகும். 50 மில்லிமீட்டருக்கு இதைச் சேர்த்தே விலை கேளுங்கள். பேன்ஹார்ட் தண்டினால் அச்சு சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். சின்ன லிஃப்ட்டில் பெரும்பாலும் விட்டுவிடலாம், அதற்கு மேல் நீளம் மாற்றக்கூடிய தண்டு வேண்டும்.

பிரேக் ரப்பர் குழாய்களைச் சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் நீளமானதாக மாற்றுங்கள், பேரமே வேண்டாம். சில பழைய வாகனங்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் உயர்ந்ததும் "வண்டியில் பாரமில்லை" என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டறையில் அதையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். மேலே சொன்ன டயர் மாற்றத்தில், முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 90 காட்டும்போது உண்மையான வேகம் கிட்டத்தட்ட 95. கேமராவுக்கு உங்கள் டயர் கதை தெரியாது.

கார் நிறுத்துமிடம் இன்னொரு தலைவலி. ஜிம்னி சுமார் 1.7 மீட்டர். லிஃப்ட், டயர், கூரைத் தட்டு எல்லாம் சேர்ந்தால் 1.9 மீட்டரைத் தாண்டலாம். வீவக பலமாடி நிறுத்துமிடங்களில் 2.15 மீட்டர் வரம்பை அடிக்கடி பார்க்கலாம், அதைவிடத் தாழ்ந்த நுழைவாயில்களும் உண்டு. வீவக இடங்களின் நுழைவாயில் உயரம் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இருக்கிறது. கடைத்தொகுதியின் அடித்தளத்துக்கு வாசல் பலகையைத்தான் நம்ப வேண்டும்.

ஜொகூரில் வாங்கினால் மலிவா?

ரிங்கிட்டில் விலை கவர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் பொருள் சேவை வரி விலக்கு 100 வெள்ளிக்குத்தான், 48 மணி நேரமோ அதற்கு மேலோ தங்கினால் 500. மீதிக்கு 9 விழுக்காடு வரியைச் சோதனைச்சாவடியில் அறிவித்துக் கட்ட வேண்டும். பழுது வந்தால் உத்தரவாதத்துக்கு மறுபடி பாலம் தாண்ட வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பொருத்திய பிறகு

எல்லா புஷ் போல்ட்டுகளையும் வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் புது ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் அன்றே செய்துவிடுங்கள். முன்விளக்கையும் தாழ்த்துங்கள். மூக்கு உயர்ந்த வண்டியின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனையிலோ விற்கும்போதோ வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னால், நிறுவன ஸ்பிரிங் தேடி அலைவதைவிட வீட்டுப் பொருளறையில் அது கிடப்பது நல்லது.