சாவீட்டில் ஒரு வேண்டுகோள்: இலங்கையில் கண்தானம் வேரூன்றிய விதம்

உயிர் பிரிந்து சில மணி நேரமே ஆன ஒருவரின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்க, வாசலில் வெண்கொடி கட்டப்பட்டு, உற்றார் அழுது ஓயாதிருக்கும் வேளையில், அவருடைய விழிகளை எடுத்துச் செல்வதற்கென ஒருவர் கருவிப்பெட்டியோடு படியேறி வருவது எந்தச் சமூகத்துக்கும் இயல்பான காட்சியன்று. ஆயினும், மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்ற நாட்டுப்புறங்களிலும் கண்தானம் என்பது இன்று புண்ணிய காரியங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அச்சமூட்டும் ஒரு கருத்து இவ்வாறு அறமாக மாறியது எங்ஙனம்?

1958இல், இன்னும் மருத்துவ மாணவராகவே இருந்த ஹட்சன் சில்வா, மரித்தபின் கண்களை ஈயுமாறு பத்திரிகை வாயிலாக நாட்டாரை வேண்டினார். வேண்டியதோடு நில்லாமல், 1960இல் தம் அன்னையார் காலமானபோது, அவருடைய விழிவெண்படலம் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்படச் செய்தார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றிற்று. 1964இல் சுடுநீர்ப் போத்தலில் பனிக்கட்டியிட்டுச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவை சென்றன. விழிவெண்படலத்தில் இரத்தக்குழாய்கள் இல்லாமையால் பிறர் உடல் அதனைப் பெரும்பாலும் விலக்குவதில்லை என்பது வைத்திய சாஸ்திரம் கூறும் உண்மை. ஆனால் அவ்வுண்மை எல்லா நாடுகளிலும் ஒன்றே. மக்களின் இணக்கமோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

பல்லேபொல அமைந்த இதே மாத்தளை மாவட்டத்தில்தான், வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகம் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதப்பெற்றதாகக் கூறப்படும் அலுவிகாரை இருக்கிறது. பௌத்த மரபு போற்றும் ஜாதகக் கதைகளுள் ஒன்று, குருட்டு அந்தணனாக வந்து யாசித்த தேவர்கோன் சக்கனுக்குத் தன் இரு கண்களையும் அளித்த சிவி மன்னனுடையது. அவனோடு ஒத்த பெயருடைய, புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியைத் தமிழர் நன்கறிவர். சோழரைச் செம்பியர் என்றதும் அவன் வழியினர் என்ற பெருமையால் அன்றோ? பன்சலை என்னும் பௌத்தக் கோயிலில் இளமை முதல் கேட்ட கதையின் மன்னன் செய்ததை, மரித்தபின், நோவேதுமின்றி, தானும் செய்யலாம் என்று ஓர் உழவனிடம் கூறும்போது, அவனுக்குக் கூறப்படுவது புதுமையே அன்று. அவன் எட்டாதென்று கருதியிருந்த ஒரு பாரமிதை, அதாவது நிறைபேரறம், அவன் கைக்கு எட்டியதென்ற செய்தியே ஆகும்.

பழங்கதையைக் கருவியாக்குதல் ஒருவகைச் சூழ்ச்சி அன்றோ என வினவலாம். இவ்வினா அலட்சியப்படுத்தத் தக்கதன்று. 1819இல் மறைந்த, திராவிட மொழிகளின் இனத்தொடர்பை எடுத்துக்காட்டிய பேரறிஞரான எல்லிஸ், சென்னையில் அம்மைப்பால் குத்தலுக்கு மக்களை இணக்க விரும்பி, அப்பாலைப் பஞ்சகவ்வியத்தோடு சேரத்தக்க பசுவின் இன்னொரு கொடையாகப் போற்றும், சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடல் ஒன்றைத் தாமே புனைந்தார். அவர் நோக்கம் உயிர்காப்பது, அதில் ஐயமில்லை. எனினும், மக்கள் நம்பாத ஒன்றை அவர்கள் தெய்வத்தின் வாயில் இட்டு மொழிவித்தல் வேறு. அவர்கள் உண்மையாகவே நம்புவதை நினைவூட்டித் தானும் அதற்குட்பட்டு நிற்றல் வேறு. தம் தாயின் கண்ணையே முதலில் ஈந்தவர் சொல்லுக்கும், புனைந்தவர் ஏட்டுக்கும் உள்ள தூரத்தை நாம் சிறிதென்று கொள்ளலாகாது.

இறந்த உடலைக் குறித்து இதற்கு எதிரான ஒரு வழியும் எழுந்தது. சிங்கப்பூருக்குக் கண்கள் சென்ற அதே 1964இல், அமெரிக்காவில் ராபர்ட் எட்டிங்கர் எழுதிய நூலொன்று, இறந்தாரைக் கடுங்குளிரில் உறையவைத்தால் பிற்கால விஞ்ஞானம் அவர்களை எழுப்பக்கூடும் என்ற எண்ணத்தை நூலகங்கள்தோறும் பரப்பிற்று. 1967 முதல் உடல்கள் அவ்வாறு வைக்கப்படுகின்றன. திரவ நைதரசனின் குளிர் சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ். அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வாறு உறைந்தோர் சில நூற்றுவரே. அவர்கள் நம்பிக்கை பொய்யென்று நாம் கூறவில்லை. ஆயினும், கண்தானத்தில் விரைவிலேயே எங்கோ ஒருவர் கட்டவிழ்த்து ஒளி காண்கிறார். உறைந்தவரிடமிருந்தோ இன்றளவும் விடை இல்லை. மேலும், இங்கே உடல் பிறர்க்காகப் பிரிக்கப்படுகிறது, அங்கே தனக்காகவே காக்கப்படுகிறது; தனக்கெனக் காப்பதைத் தானமென்று அழைக்க எந்த மொழியிலும் சொல் இல்லை.

தமிழரிடையே கண்ணப்பர் இருக்கிறார். இறைவன் விழியில் வழிந்த குருதியைத் தன் விழி பெயர்த்து நிறுத்திய அவ்வேடரின் செயலில், பக்தியோடு, உறுப்புக்கு உறுப்பே மருந்தென்ற தெளிவும் உண்டு. அவர் கதையைப் பாடிய சேக்கிழாரைப் போற்றும் நம் கோயில்களில் அவ்வைத்தியப் பகுதி விரித்துரைக்கப்படாதது எமக்கு வருத்தமே. கண்ணை ஈந்தால் மறுபிறப்பில் குருடாவோம் என்று அஞ்சுவோருக்கு, ஈந்த கண்ணே கண்ணப்பருக்குப் பெயராயிற்று என்பதைவிடத் தக்க விடை வேறு எது?

எனினும், அச்சுறுத்தியோ விரைவுபடுத்தியோ பெறும் சம்மதம் தானமாகாது. சிவி ஜாதகத்தில் சீவகன் என்னும் வைத்தியன் மருந்துப்பொடியை விழியில் சேர்த்து, வேதனை மிகும் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, இன்னும் மீட்டுத்தர என்னால் இயலும், மறுபடி எண்ணிப்பாரும் என்று மன்னனிடமே சொல்கிறான். கண் முற்றிலும் வெளிவந்து நரம்பில் தொங்கும்போதும் சொல்கிறான். நேரம் குறுகியதெனினும், கூடத்தில் கிடக்கும் உடலின் அருகே அமர்ந்திருக்கும் மனைவியிடமும் மக்களிடமும், கருவிப்பெட்டியைத் திறக்குமுன், அவ்வாறே மீண்டுமொருமுறை கேட்கப்பட வேண்டும்.