பயிற்றுநர் எடுத்த உறுதிமொழி

விளையாட்டு உடலை வளர்க்கும் என்பதை அனைவரும் ஒப்புவர். அஃது உள்ளத்தையும் வளர்க்குமா என்பதே கல்வியாளரிடையே நெடுங்காலமாக நிலவும் வினா. வளர்க்கும் என்று உறுதியாக விடை கூறியவர் பிரான்சு நாட்டுப் பியர் தெ கூபர்த்தான். இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் ஆட்டக்களம் கல்வியின் ஓர் உறுப்பாக விளங்கியமை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் பாரிசில் கூட்டிய மாநாட்டில், 1894-ஆம் ஆண்டு சூன் திங்கள் 23-ஆம் நாள் அனைத்துலக ஒலிம்பிக் குழு தோன்றியது. எனவே, ஒலிம்பிக் இயக்கத்தின் வேர் பள்ளிக்கூடத்தில் உள்ளது எனல் மிகையாகாது.

காலப்போக்கில் அவ்வேர் மண்ணுள் மறைந்தது. 1936-இல் பெர்லின் விளையாட்டுகள் ஓர் ஆட்சியின் விளம்பர மேடையாயின. 1980-இலும் 1984-இலும் வல்லரசுகளின் பகைமையால் பல நாட்டு வீரர்கள் வீட்டிலேயே தங்க நேர்ந்தது. 1988-இல் சோல் நகரில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவர், ஊக்கமருந்து உட்கொண்டமையால் தம் தங்கத்தை இழந்தார். வெற்றி வளர்ந்தது, கல்வி தேய்ந்தது.

மறைந்த வேருக்கு மீண்டும் நீர் வார்க்க முனைந்தவருள் ஒருவர், 2001-இல் அக்குழுவின் தலைவரான பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஜாக் ரோகே. இளையோர்க்கெனத் தனி ஒலிம்பிக் வேண்டும் என்னும் அவருடைய திட்டத்தை 2007 சூலையில் குவாத்தமாலாவில் கூடிய குழு ஏற்றது. முதற்போட்டியை நடத்தும் வாய்ப்புக்கு இறுதியில் மாஸ்கோவும் சிங்கப்பூரும் நின்றன. 2008 பிப்ரவரி 21-ஆம் நாள், 53-க்கு 44 என்னும் வாக்குகளில் சிங்கப்பூர் வென்றது.

2010 ஆகஸ்டு 14 முதல் 26 வரை, 14 முதல் 18 வயதுவரையிலான ஏறத்தாழ 3,500 இளையர் சிங்கப்பூரில் கூடினர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவர்தம் சிற்றூராயிற்று. செலவு முதல் மதிப்பீடான 104 மில்லியன் வெள்ளியிலிருந்து 387 மில்லியனுக்கு உயர்ந்தபோது கண்டனக் குரல்கள் எழுந்தன. அத்துணைப் பொருள் செலவிட்டுக் கற்பித்தது யாது என்று கேட்பது முறையே.

ஒழுக்கத்தைச் சொற்பொழிவால் புகட்ட முயலாது, கூடி வாழும் ஏற்பாட்டால் வளர்க்க முயன்றமையே அவ்விழாவின் தனிச்சிறப்பு. பிற ஒலிம்பிக்குகளில் தம் போட்டி முடிந்ததும் வீரர் பலர் ஊர் திரும்புவர். இங்கோ, தோற்றவரும் வென்றவரும் இறுதிநாள்வரை தங்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. போட்டி இல்லாத பொழுதுகளில் அவர்கள் பண்பாட்டு, கல்வித் திட்டத்தில் பங்குகொண்டனர். ஊக்கமருந்தின் தீமை, உடல்நலம், சமுதாயப் பொறுப்பு ஆகியவை பேசப்பட்டன. புலாவ் உபின் தீவில் வெவ்வேறு நாட்டினர் ஒரே குழுவாக இயங்கினர். உலகப் பண்பாட்டுச் சிற்றூரில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள், தாங்கள் முன்னரே பயின்றறிந்த அயல்நாடுகளின் பண்பாட்டை விளக்கினர். பிற நாட்டைப் பற்றிப் படித்தவன், அந்நாட்டவன் முன்னிலையிலேயே அதை எடுத்துரைக்கும் தேர்வு அது!

ஆடுகளத்திலும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. ஜூடோவில் பல நாட்டு இளையர் கலந்த அணிகள் நகரங்களின் பெயர் தாங்கி மோதின. எசன் என்னும் பெயர்கொண்ட அணி தங்கம் வென்றது. முந்நாள் எதிராளி அன்று தோழனாக நின்றான். மூன்று விளையாட்டுத் தொடரில் ஆடவர் இருவரும் பெண்டிர் இருவரும் சேர்ந்த அணிகள் கண்டங்களின் பெயரால் ஓடின. பின்னர் 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் அத்தொடர் ஓட்டம் இடம்பெற்றது. எனினும் அங்கு நாட்டுக்கொடிகளின் கீழேயே நடந்தது. ஆட்டம் பயணம் செய்தது. கலப்பு பயணம் செய்யவில்லை.

இத்தகைய விழாவிலும் கசப்பு நேர்ந்தது. தொடக்கவிழாவின் மறுநாள், டேக்குவாண்டோ இறுதிப்போட்டியொன்றில் இஸ்ரேலிய இளைஞரை எதிர்கொள்ளவேண்டிய ஈரானிய இளைஞர் களமிறங்கவில்லை. காயமே காரணம் என அறிவிக்கப்பட்டது. ஆயினும், இஸ்ரேலியருடன் மோதுவதை ஈரானிய வீரர்கள் தவிர்த்துவந்த நெடுநாளைய வழக்கத்தை அறிந்தோர் பலர் ஐயுற்றனர். உண்மைக் காரணம் எதுவாயினும், மூத்தோர் வளர்த்த பகையின் நிழல் ஓர் இளைஞனின் இறுதிப்போட்டிமீது விழுந்ததை மறுத்தற்கில்லை. பன்னிரண்டு நாள் நட்பு, பல்லாண்டுப் பகையை அழித்துவிடாது.

இந்நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்று. ஒலிம்பிக் தொடக்கவிழாவில் வீரர் உறுதிமொழி 1920 முதலும், நடுவர் உறுதிமொழி 1972 முதலும் இருந்துவருவன. மரினா விரிகுடா மிதக்கும் மேடையில் 2010 ஆகஸ்டு 14-ஆம் நாள் மாலை, மூன்றாவதாக ஓர் உறுதிமொழி முதன்முறையாக ஒலித்தது. அது பயிற்றுநர் உறுதிமொழி. சிங்கப்பூர் நீச்சல் பயிற்றுநர் டேவிட் லிம், நேர்மையான ஆட்டத்தைப் பேணுவோம் எனப் பயிற்றுநர் அனைவர் சார்பிலும் உறுதி கூறினார். 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கும் அவ்வழியைப் பின்பற்றியது.

இளையோர்க்கென எடுத்த விழாவில், மூத்தோரிடம் உறுதிமொழி பெறப்பட்டமை பொருள்பொதிந்தது. வயதை மறைத்து ஆடவைப்பவனும், மருந்தைக் கையில் கொடுப்பவனும், எதிராளியை வெறுக்கக் கற்பிப்பவனும் சிறுவன் அல்லன். பெரும்பாலும் அவனுக்கு வழிகாட்ட வந்தவனே. ஆகையால், விளையாட்டில் அறக்கல்வி மாணவனிடம் தொடங்குவதன்று; ஆசானிடம் தொடங்குவது.

அதன்பின் 2014-இல் நான்சிங்கிலும் 2018-இல் புவெனஸ் ஐரிஸிலும் இவ்விழா நடந்தது. பின்னதில் ஆடவரும் பெண்டிரும் சம எண்ணிக்கையில் பங்குகொண்டனர். 2022-க்குரிய டாக்கார் விழா 2026-க்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஒலிம்பிக் மேடை சிலருக்கே வாய்க்கும். பள்ளித் திடலோ ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அங்கே, தன் மாணவனுக்குச் சாதகமாக நடுவர் தவறாகத் தீர்ப்பளிக்கும் வேளையில் ஆசிரியர் எழுந்து உண்மையைச் சொல்வாராயின், அன்றைய ஆட்டம் தோற்கலாம். அப்பாடம் அம்மாணவன் உள்ளத்தில் வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.